எதிரணியை ஃபில்மில் படிப்பது: அமெரிக்கன் ஃபுட்பாலில் மென்பொருள் வழி ஸ்கௌட்டிங்குக்கு ஒரு முழு வழிகாட்டி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் வேலை தொடங்கும். முந்தின இரவு ஆட்டத்தின் அலுப்பில் பையன்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மோதவேண்டிய அணியின் மூன்று ஆட்டங்கள் அதற்குள் ஹடல் என்ற வீடியோ மென்பொருளில் வந்து சேர்ந்திருக்கும். அந்த மூன்றையும் பிரித்து, எண்ணி, சலித்து, திங்கட்கிழமைப் பயிற்சிக்குள் ஒரே ஒரு தாளாகக் கோச் கையில் கொடுக்கவேண்டும். அதை முதலிலிருந்து கடைசி வரை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஒஹாயோ மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி அணிக்கு ஃபில்ம் வேலை பார்க்கிறேன், சம்பளமில்லாத வேலை. மகன் ஆடத் தொடங்கியபோது உதவிக்குப் போனவன், அவன் கல்லூரிக்குப் போன பிறகும் தொடர்கிறேன். இந்த வேலைக்கு வரும் பெற்றோரில் பலர், குறிப்பாக நம்மூர்க்காரர்கள், எக்ஸெல் நன்றாகத் தெரிந்தவர்கள், ஆட்டம் அரைகுறையாகத் தெரிந்தவர்கள். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வேலையின் தரம் மென்பொருளில் இல்லை. நாம் போடும் பெயர்கள் ஒரே சீராக இருக்கின்றனவா, எண்ணி முடித்த பிறகு எத்தனை விஷயத்தை வேண்டாமென்று ஒதுக்கத் துணிகிறோம், இந்த இரண்டில்தான் இருக்கிறது.

இந்த ஆட்டத்தை ஏன் எண்ண முடிகிறது

சாக்கரில் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்கன் ஃபுட்பால் அப்படியில்லை. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்தும் தனி நிகழ்ச்சியாக இருப்பதுபோல இங்கே ஒவ்வொரு ப்ளேயும் தனி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதாவது நான்கு டவுன். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு. ஒவ்வொரு ப்ளேக்கும் முன்னால் ஆட்டம் நிற்கிறது, பதினொரு பேர் ஒரு வடிவத்தில் வந்து நிற்கிறார்கள், பிறகுதான் பந்து நகர்கிறது. நிற்கும் அந்தச் சில நொடிகளில் எதிரணி தன்னைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது. யார் களத்தில், எங்கே நிற்கிறார்கள், எத்தனையாவது டவுன், இன்னும் எத்தனை யார்டு வேண்டும். இவை நமக்கு முன்கூட்டியே தெரிந்தவை. அடுத்து ஓடுவார்களா, எறிவார்களா, எந்தப் பக்கம் என்பது தெரியாதது. தெரிந்ததை வைத்துத் தெரியாததை ஊகிக்க முடியுமா என்று பார்ப்பதே ஸ்கௌட்டிங்.

இது கணினிக்கு முன்பே இருந்த பழக்கம். ஒஹாயோவின் மாஸிலன் பள்ளியில் 1930-களில் பயிற்சியாளராக இருந்து, 1946-இல் கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ் அணியின் முதல் தலைமைக் கோச்சான பால் பிரௌன், ஃபில்ம் பார்ப்பதைப் பாடம்போல் முறைப்படுத்தியவர். இன்னொரு புகழ்பெற்ற கோச் ஸிட் கில்மனின் குடும்பத்துக்குச் சொந்தமாக சினிமா அரங்குகள் இருந்தன; செய்திப் படச் சுருள்களில் வந்த ஃபுட்பால் துண்டுகளைத் தனியே எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தவர் அவர். இன்று நாம் மடிக்கணினியில் செய்வது அதே வேலைதான். சுருளை வெட்டி ஒட்டிய நேரம் மட்டும்தான் மிச்சம்.

மென்பொருள் செய்வது மூன்றே காரியம். வீடியோவை ப்ளே ப்ளேயாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் நாம் எழுதும் குறிப்புகளை ஒட்டி வைக்கிறது. ஒரே குறிப்புள்ள துண்டுகளைக் கேட்டதும் எடுத்துத் தருகிறது. பள்ளி அளவில் பெரும்பாலும் ஹடல்தான். 2006-இல் நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனில் தொடங்கிய நிறுவனம் அது. கல்லூரி, தொழில்முறை அணிகளில் கேட்டபல்ட், டிவிஸ்போர்ட் போன்றவையும் உண்டு. எதில் செய்தாலும் அடியில் இருப்பது ஓர் அட்டவணை: ஒரு ப்ளேக்கு ஒரு வரி, ஒரு கேள்விக்கு ஒரு பத்தி (நெடுவரிசை). பணம் கட்ட முடியாத அணி, சாதாரண வீடியோ ப்ளேயரையும் எக்ஸெல்லையும் அருகருகே திறந்து வைத்து இதையே செய்யலாம். கொஞ்சம் கை வலிக்கும், அவ்வளவுதான்.

படி 1: எந்த ஆட்டங்களை எடுப்பது

பள்ளி அணிகள் தங்களுக்குள் ஃபில்மைப் பரிமாறிக்கொள்ளும். எத்தனை ஆட்டம், எந்த நாளுக்குள் என்பதை அந்தந்த லீக் முடிவு செய்யும். மூன்று ஆட்டம் கிடைத்தால் போதும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கடைசி மூன்றை எடுக்காதீர்கள். நம்மைப்போல ஆடும் அணியோடு அவர்கள் மோதிய ஆட்டம் ஒன்றாவது அதில் இருக்கவேண்டும். நம் டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கும் பதினொருவர்) நான்கு பேரை முன்வரிசையில் நிறுத்தும் என்றால், மூன்று பேரை நிறுத்தும் அணிக்கு எதிராக அவர்கள் செய்ததைப் பார்த்து அதிகம் தெரியாது. 49-0 என்று முடிந்த ஆட்டமும் பயனில்லை. இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரர்கள்தான் ஆடியிருப்பார்கள்.

இரண்டு கோணம் கேளுங்கள். பக்கவாட்டிலிருந்து அகலமாக எடுத்தது ஒன்று. களத்தின் முனையில் உள்ள எண்ட் ஸோனுக்குப் பின்னால் உயரத்திலிருந்து நெருக்கமாக எடுத்தது இன்னொன்று. முதலாவதில் யார் எங்கே நிற்கிறார் என்பது தெரியும். முன்வரிசை ஆட்கள் எந்தப் பக்கம் அடி வைத்தார்கள் என்பது இரண்டாவதில்தான் தெரியும்.

எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து மோதவிருக்கும் அணியின் ஆட்டத்துக்கு நேரில் ஆளனுப்பி வேவு பார்ப்பது கல்லூரி அளவில் 1994 முதல் தடை. அந்த விதியை வைத்துத்தான் 2023-இல் மிஷிகன் பல்கலைக்கழக அணிமீது விசாரணை வந்தது. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் 2007-இல் எதிரணிக் கோச்சுகளின் கைச்சைகையைப் பக்கக்கோட்டிலிருந்து படம்பிடித்ததற்காக நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்கு 2,50,000 டாலரும், தலைமைக் கோச் பில் பெலிசிக்குக்கு 5,00,000 டாலரும் அபராதம். புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்று வாய்ப்பும் போயிற்று. பள்ளி விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் மாநில விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். எதிரணியின் பயிற்சியைப் படமெடுப்பது எங்குமே கூடாது. நேர்மையாகக் கிடைத்த ஃபில்மிலேயே வேண்டிய அளவுக்கு மேல் இருக்கிறது.

படி 2: பத்திகளும் பெயர்களும்

இதற்கு ஒரு மணி நேரம் செலவழியுங்கள். இங்கே விட்டதைப் பின்னால் பிடிக்க முடியாது.

அடிப்படைப் பத்திகள்: அஃபென்ஸா (பந்து வைத்திருக்கும் பக்கம்), டிஃபென்ஸா, கிக்கா; டவுன்; தேவைப்படும் தூரம்; யார்டுக் கோடு; ஹாஷ் (களத்தில் நீளவாக்கில் போட்ட இரண்டு குறுங்கோட்டு வரிசைகளில் எதன் பக்கம் பந்து இருக்கிறது); களத்தில் உள்ள ஆட்கள்; ஃபார்மேஷன் (நிற்கும் வடிவம்); பந்து நகரும் முன் யாராவது நகர்ந்தார்களா; ஓட்டமா பாஸா; ப்ளேயின் பெயர்; எந்தப் பக்கம்; கிடைத்த யார்டு. ஹடலில் யார்டுக் கோட்டைத் தங்கள் பாதியில் மைனஸாகவும் எதிராளி பாதியில் ப்ளஸாகவும் எழுதவேண்டும். சொந்த 35 என்றால் -35. இந்தக் கூட்டல் கழித்தலைத் தவறவிட்டால் எண்ட் ஸோனுக்கு அருகில் நடந்ததெல்லாம் களத்தின் மறுகோடியில் போய் உட்கார்ந்துவிடும்.

ஆட்களை இரண்டு இலக்கத்தில் எழுதுவது வழக்கம். முதல் இலக்கம் ரன்னிங் பேக் (பந்தை வாங்கி ஓடுபவர்) எத்தனை பேர், இரண்டாவது டைட் எண்ட் (முன்வரிசை ஓரத்தில் நின்று தடுக்கவும் பிடிக்கவும் செய்பவர்) எத்தனை பேர், மிச்சம் ரிசீவர்கள் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்கள்). 11 என்றால் ஒருவர், ஒருவர், மூன்று ரிசீவர். 22 என்றால் கனமான கூட்டம், ஒரே ரிசீவர்.

ஹாஷ் பத்தியைப் பள்ளி அளவில் ஒருபோதும் விடாதீர்கள். களத்தின் அகலம் 160 அடி. என்.எஃப்.எல்.-இல் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் இடையே 18 அடி 6 அங்குலம்தான், பந்து ஏறக்குறைய எப்போதும் நடுவிலிருந்தே தொடங்கும். பள்ளிக் களத்தில் அந்த இடைவெளி 53 அடி 4 அங்குலம், சரியாக மூன்றில் ஒரு பங்கு. பந்து இடது ஹாஷில் இருந்தால் வலப்பக்கம் களத்தின் மூன்றில் இரண்டு பங்கு திறந்து கிடக்கும். பதினாறு வயது குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) அகலமான பக்கத்தின் விளிம்புக்குப் பந்தை எறிய எவ்வளவு கை பலம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதனாலேயே பல பள்ளி அணிகளின் பழக்கங்கள் ஹாஷைப் பொறுத்து மாறுகின்றன. தொலைக்காட்சியில் என்.எஃப்.எல். மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தோன்றாது.

இனி பெயர்கள். மூன்று ரிசீவர் ஒரு பக்கம் நிற்பதை நீங்கள் 'ட்ரிப்ஸ்' என்றும், உதவிக்கு வந்த இன்னொருவர் 'த்ரீ பை ஒன்' என்றும் எழுதினால் கணினிக்கு அவை இரண்டு வேறு ஃபார்மேஷன். எதிரணி தங்கள் ப்ளேபுக்கில் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறது என்பது நமக்கு வேண்டாம். நம் பையன்கள் என்ன பெயரில் அதை அறிவார்கள், அந்தப் பெயர் மட்டும்தான் வேண்டும். கோச்சோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலுக்கு வெளியே எதையும் தட்டச்சு செய்ய முடியாதபடி பூட்டிவிடுங்கள்.

1960-களின் தொடக்கத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியின் டெக்ஸ் ஷ்ராம், ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கக் கணினியைப் பயன்படுத்த நினைத்தபோது அவருக்குக் கிடைத்தவர் சலாம் குரேஷி. இந்தியாவிலிருந்து வந்து கலிஃபோர்னியாவில் ஐ.பி.எம். துணை நிறுவனத்தில் இருந்த புள்ளியியலாளர். அவருக்கு இந்த ஆட்டமே புதிது. அவர் முதலில் மோதிய சுவர் கணிதம் அல்ல, சொல். ஒரே குணத்தை ஒவ்வொரு ஸ்கௌட்டும் ஒவ்வொரு விதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே கேள்விகளுக்கு ஒரே அளவுகோலில் பதில் எழுதும்படி செய்த பிறகுதான் கணினிக்கு வேலை வந்தது. அறுபது ஆண்டு கழித்தும் நம் சிக்கல் அதுவே.

படி 3: மூன்று சுற்றாகக் குறிப்பெழுதுங்கள்

எல்லாப் பத்தியையும் ஒரே சுற்றில் நிரப்ப முயன்றால் பாதியில் கவனம் சிதறும். நான் மூன்று முறை ஓட்டுகிறேன்.

முதல் சுற்று சூழ்நிலை: டவுன், தூரம், ஹாஷ், யார்டுக் கோடு, கிடைத்த யார்டு. இதற்கு ஆட்ட அறிவு அதிகம் வேண்டாம். புதிதாக வரும் தன்னார்வலருக்கு இதைக் கொடுக்கலாம். ஹடலில் அசிஸ்ட் என்ற சேவையை வாங்கியிருந்தால் அவர்களே இதைச் செய்து அனுப்பிவிடுவார்கள். பட்ஜெட் இருந்தால் வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு மிஞ்சும்.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு ப்ளேயையும் பந்து நகரும் முன் நிறுத்துங்கள். ஆட்கள், ஃபார்மேஷன், ரன்னிங் பேக் குவார்ட்டர்பேக்குக்கு எந்தப் பக்கம். முடிவைப் பார்த்துவிட்டு ஃபார்மேஷனை எழுதாதீர்கள். ஓட்டம் என்று தெரிந்த பிறகு பார்த்தால் கண் அதற்கேற்ற வடிவத்தைத்தான் காணும்.

மூன்றாம் சுற்று கடினம்: ப்ளேயின் பெயர். பந்து எங்கே போயிற்று என்பதை வைத்துப் பெயரிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. முன்வரிசை என்ன செய்தது என்பதை வைத்துப் பெயரிடவேண்டும். பவர், கவுன்ட்டர் என்ற இரண்டு ஓட்ட ப்ளேயிலும் மறுபக்கத்து கார்டு (முன்வரிசையில் நடுவில் நிற்பவருக்கு அடுத்தவர்) தன் இடத்தை விட்டு விலகி ஓடி வருவார். கவுன்ட்டரில் அவர் விளிம்பில் நிற்பவரை இடித்துத் தள்ள, அவருக்குப் பின்னால் இன்னொருவரும் சுற்றி வருவார். நம் லைன்பேக்கருக்கு (டிஃபென்ஸ் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) இவை இரண்டும் வேறுவேறு பாடம். ஆர்.பி.ஓ., அதாவது ரன்-பாஸ் ஆப்ஷன், இன்னும் தொல்லை: முன்வரிசை ஓட்டத்துக்குத் தடுக்கிறது, குவார்ட்டர்பேக் கடைசி நொடியில் எறிந்துவிடுகிறார். அதை 'பாஸ்' என்று எழுதினால் கணக்கு பொய் சொல்லும். ஓட்டம், பாஸ், ஆர்.பி.ஓ. என்று மூன்றாகவே வையுங்கள். தெரியாத ப்ளேக்கு 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். ஊகித்து நிரப்பியதைவிட காலிப் பெட்டி நூறு மடங்கு மேல்.

பள்ளி ஆட்டத்தில் ஓர் அணி 50-இலிருந்து 65 ப்ளே வரை ஆடும். பழகிய பிறகும் எனக்கு ஒரு ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் ஆகிறது.

படி 4: எண்ணும் முன் சரிபாருங்கள்

அட்டவணையை எக்ஸெல்லுக்கு இறக்கி ஒரு சூத்திரம் போடுங்கள். முதல் டவுனில் 10 தேவை, 4 யார்டு கிடைத்தது என்றால் அடுத்த வரியில் இரண்டாம் டவுன், 6 என்று இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்த வரி சிவப்பாகட்டும். அபராதக் கொடி விழுந்த ப்ளேக்கள் சிவப்பாகத்தான் வரும், அதில் குற்றமில்லை. மற்றவை தட்டச்சுப் பிழைகள். ஒரு ஆட்டத்துக்கு நான்கைந்தாவது அகப்படும். பிறகு ஆட்டம் முடிவாகிவிட்ட நேரத்து ப்ளேக்களை, நான்காம் கால்பகுதியில் மூன்று டச்டவுன் வித்தியாசம்போன்ற நிலையை, தனியே ஒதுக்குங்கள்.

படி 5: எண்ணுவது

ஹடலின் ரிப்போர்ட் பொத்தானை அழுத்தினால் பக்கம் பக்கமாக வந்து கொட்டும். என் முதல் சீசனில் நான் அப்படியே எடுத்து, 31 பக்கம் அச்சடித்துக் கொடுத்தேன். எங்கள் லைன்பேக்கர் ஒருவன் மரியாதையாக வாங்கிப் புரட்டிவிட்டு, "இதில் நான் என்ன செய்யணும்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணையும் அந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன்.

ஒரு கற்பனை அணியை வைத்துக் காட்டுகிறேன். மூன்று ஆட்டத்தில் 170 ப்ளே, அதில் ஓட்டம் 102. அதாவது 60 விழுக்காடு ஓட்டம். இந்த மொத்தக் கணக்கை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாவற்றையும் இதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கவேண்டும். ஏதோ ஒரு ஃபார்மேஷனில் 62 விழுக்காடு ஓட்டம் என்று வந்தால் அது செய்தியே அல்ல.

மூன்றாம் டவுன், 7 யார்டுக்கு மேல்: 26 ப்ளே, 24 பாஸ். பார்க்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த நிலையில் எல்லா அணியும்தான் எறியும். பையன்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லி ஒரு வரியை வீணாக்கவேண்டாம். அந்த 24 எங்கே போயின என்று கேளுங்கள், அதில் விஷயம் இருக்கலாம்.

ட்ரிப்ஸ் ஃபார்மேஷன்: 44 ப்ளே. ஓட்டம் 20, பாஸ் 24. பாதிக்குப் பாதி, ஒன்றுமில்லை என்று கடந்துபோகத் தோன்றும். ரன்னிங் பேக் நிற்கும் பக்கத்தை வைத்து இதையே பிரித்துப் பாருங்கள். மூன்று ரிசீவர் உள்ள பக்கமே அவரும் நின்றால் 21 ப்ளேயில் 18 பாஸ். மறுபக்கம் நின்றால் 23-இல் 17 ஓட்டம். இப்போது பேசுவதற்கு விஷயம் கிடைத்துவிட்டது. பந்து நகரும் முன்பே நம் பையன் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று, அடுத்து வருவதைச் சொல்கிறது.

ஆனால் அவசரப்படக் கூடாது. சின்ன எண்கள் ஏமாற்றும். ஓட்டமும் பாஸும் சரிசமமாக வரும் அணி ஒன்று, நாணயம் சுண்டி முடிவு செய்வதாகவே வைத்துக்கொள்வோம். பத்து ப்ளேயில் எட்டோ அதற்கு மேலோ ஓட்டமாக வருவதற்கு 1024-இல் 56 வாய்ப்பு, அதாவது ஐந்தரை விழுக்காடு. நீங்கள் பத்துப் பத்து ப்ளேயாக இருபது விதத்தில் பிரித்துப் பார்த்தால், எந்தப் பழக்கமும் இல்லாத அணியிலும் ஒரு பிரிவிலாவது 'எட்டோ அதற்கு மேலோ ஓட்டம்' என்று வர ஏறக்குறைய மூன்றில் இரண்டு வாய்ப்பு. கணினி அதைப் பச்சை நிறத்தில் காட்டும். நாம் நம்பிவிடுவோம். ஆகவே எட்டு ப்ளேக்குக் குறைவான பிரிவை நான் எண்ணாகச் சொல்வதே இல்லை. மற்றவற்றில் இரண்டு கேள்வி: மூன்று ஆட்டத்திலும் தனித்தனியாக இது தெரிகிறதா? இதற்கு ஃபுட்பால் ரீதியான காரணம் உண்டா?

படி 6: எண்ணிலிருந்து மறுபடி ஃபில்முக்கு

அந்தக் காரணம் எக்ஸெல்லில் கிடைக்காது. அந்த 44 ப்ளேயையும் வரிசையாக ஓட விட்டுக் கோச்சோடு உட்கார்ந்து பாருங்கள். நம் கற்பனை அணியில் விடை இப்படி இருக்கலாம்: பாஸ் தடுக்கும்போது அவர்களின் முன்வரிசை முழுவதும் ஒற்றை ரிசீவர் பக்கமாகச் சரிகிறது. மறுபக்கம் மிச்சமாகும் ஆளைத் தடுக்க ரன்னிங் பேக் அங்கே வேண்டும். அதனால்தான் பாஸ் என்றால் ட்ரிப்ஸ் பக்கம் நிற்கிறார். ஓட்டம் என்றால் குவார்ட்டர்பேக்கின் முன்னால் குறுக்கே கடந்து ஓடவேண்டியிருப்பதால் எதிர்ப்பக்கம் நிற்கிறார். இப்படி ஒரு காரணம் கிடைத்துவிட்டால் அது தற்செயல் அல்ல. அவர்களால் ஒரு வாரத்தில் சுலபமாக மாற்றிக்கொள்ளவும் முடியாது.

ஃபில்மை ஓட விடும்போது சின்ன அடையாளங்களையும் பாருங்கள். தரையில் ஊன்றிய கையின்மேல் கார்டு பாரம் போட்டு முன்சாய்ந்தால் ஓட்டம். பின்னால் உட்கார்ந்தாற்போல் இருந்தால் பாஸ் அல்லது இடம் விட்டு விலகி ஓடுதல். ரிசீவர் வழக்கத்தைவிட இரண்டு யார்டு உள்ளே வந்து நின்றால் தடுக்கவோ உள்பக்கம் குறுக்கே ஓடவோ போகிறார். இவற்றுக்கெல்லாம் எந்த மென்பொருளிலும் பத்தி கிடையாது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நேரம் இதுதான். எண் ஓரிடத்தைக் காட்டுகிறது, கண் அங்கே போய்க் காரணத்தைக் கண்டுபிடிக்கிறது.

எதிரணியின் டிஃபென்ஸையும் இதே முறையில் செய்யவேண்டும், ஆனால் பத்திகள் குறைவு: முன்வரிசையின் வடிவம், பின்னால் கடைசிக் காவலாக நிற்கும் சேஃப்டி ஒருவரா இருவரா, கூடுதலாக யாராவது பாய்ந்தார்களா, எந்தப் பக்கத்திலிருந்து. பள்ளி ஃபில்மில் பின்வரிசை பல நேரம் படச் சட்டத்துக்கு வெளியே போய்விடும். கவர் 3-ஆ, கவர் 1-ஆ (பின்வரிசைக் காவல் முறைகள்) என்று சண்டை போடாமல் களத்தின் நடுப்பகுதி பின்னால் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று மட்டும் எழுதினாலே நம் குவார்ட்டர்பேக்குக்கு முக்கால் பங்கு உதவி. கிக் ப்ளேக்களில் எண்ணவேண்டியது அதிகமில்லை. பந்தை உதைத்து அனுப்பும் பன்ட்டர் எந்தக் காலால் உதைக்கிறார், ஸ்நாப்பிலிருந்து (பந்தைப் பின்னால் கொடுக்கும் நொடி) உதைக்க எத்தனை நொடி, போலி கிக் ஏதாவது ஃபில்மில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

படி 7: ஒரே தாள்

ஞாயிறு மாலை கையில் இருபது கண்டுபிடிப்பு இருக்கும். திங்கள் காலை நான்கு இருக்கவேண்டும். ஒவ்வொன்றையும் 'இதைப் பார்த்தால், இதைச் செய்' என்ற வடிவத்தில், அந்த இடத்தில் ஆடும் பையனுக்கு எழுதுங்கள். 'ட்ரிப்ஸ், பேக் மறுபக்கம்: ஓட்டம் ட்ரிப்ஸ் பக்கம் வரும், உள் லைன்பேக்கர் ஓர் அடி அங்கே நகரவும்.' விழுக்காடு தேவையில்லை, அது கோச்சுக்கு. ஒவ்வொரு வரிக்கும் மூன்று அல்லது நான்கு கிளிப், மொத்தம் பதினைந்துக்கு மிகாமல், ஒரு ப்ளேலிஸ்டாகப் பையன்களின் போனுக்கு அனுப்புங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் ப்ளேலிஸ்டை அவர்கள் முழுதாகப் பார்ப்பதில்லை.

கூடவே எதிரணியின் முக்கியமான ப்ளேக்களைப் பெரிய அட்டைகளில் வரைந்து கொடுக்கவேண்டும். பயிற்சியில் நம் மாற்று ஆட்டக்காரர்கள் அந்த அட்டையைப் பார்த்து எதிரணியாக நடிப்பார்கள். இந்த அட்டை வேலையை அலட்சியப்படுத்துகிறவர்களுக்கு 2015 பிப்ரவரி 1-ஆம் தேதி நடந்த என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பௌலைச் சொல்வேன். பேட்ரியட்ஸ் 28-24 என்று முன்னிலை. சியாட்டில் சீஹாக்ஸ் ஒரு யார்டுக் கோட்டில், இரண்டாம் டவுன், அரை நிமிடத்துக்கும் குறைவு. சியாட்டில் இரண்டு ரிசீவர்களை ஒருவர் பின் ஒருவராக நிறுத்தியது. டிராஃப்டில் யாரும் எடுக்காத அறிமுக ஆட்டக்காரர் மால்கம் பட்லர் அந்த வடிவத்தைக் கண்டுகொண்டார், பாய்ந்தார், பந்தைப் பிடித்தார், ஆட்டம் முடிந்தது. அதே ப்ளேயை அந்த வாரப் பயிற்சியில் அவருடைய அணியின் மாற்று ஆட்டக்காரர்கள் ஓட்டிக் காட்டியிருந்தார்கள். அப்போது பட்லர் தாமதித்து டச்டவுன் விட்டிருந்தார். யாரோ ஃபில்மில் கண்டெடுத்து, அட்டையில் வரைந்து, பயிற்சியில் ஒரு முறை தோற்றுப் பார்த்த பிறகுதான் அந்தப் பிடி வந்தது.

எண்ணிப் பழக: என்.எஃப்.எல். பொதுத் தரவு

அணி எதுவும் கையில் இல்லாமல் கற்க விரும்புகிறவர்களுக்கு என்.எஃப்.எல்.வெர்ஸ் என்ற திறந்த தரவுத் தொகுப்பு இருக்கிறது. 1999 முதல் எல்லா என்.எஃப்.எல். ப்ளேக்களும் இலவசமாகக் கிடைக்கும். ஆர் மொழியிலோ பைத்தானிலோ சில வரிகளில் இறக்கிக்கொள்ளலாம். ஒரு சீசனுக்குச் சுமார் 50,000 வரி. ஓர் அணியைத் தேர்ந்தெடுத்து, முதல் இரண்டு டவுன் மட்டும், வெற்றி வாய்ப்பு 20-க்கும் 80-க்கும் இடையில் உள்ளவை மட்டும், இரு பாதிகளின் கடைசி இரண்டு நிமிடம் நீங்கலாகப் பிரியுங்கள். ஆட்டநிலை நெருக்காதபோது அந்த அணி எப்படி ஆட விரும்புகிறது என்பது அப்போது தெரியும். எறியப் பின்வாங்கிய குவார்ட்டர்பேக் வழியில்லாமல் ஓடிவிட்டால், ப்ளே வகை என்ற பத்தி அதை ஓட்டம் என்றே சொல்லும், அழைக்கப்பட்டது பாஸ். பாஸ் என்று தனியாக உள்ள பத்தி அதைச் சரியாகக் கணக்கில் எடுக்கும், அதையே பயன்படுத்துங்கள். 2022 முதலான சீசன்களுக்கு, பந்து நகரும் முன் யாராவது நகர்ந்தார்களா, ஓடுவதுபோல் காட்டி எறியும் ப்ளே ஆக்‌ஷனா என்பதைக் கையால் குறித்த தரவும் அங்கேயே உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியில் டேட்டா சயின்ஸ் படிக்கிறார்கள் என்றால், என்.எஃப்.எல். ஆண்டுதோறும் நடத்தும் பிக் டேட்டா பௌல் போட்டியைச் சொல்லுங்கள். தோள்பட்டைக் கவசத்துக்குள் உள்ள சில்லு நொடிக்குப் பத்து முறை பதிவுசெய்யும் இடத்தரவு அதில் கிடைக்கும்.

படி 8: வெள்ளிக்கிழமையும் அதற்குப் பின்னும்

ஆட்டத்தின்போது ஒருவர் மேலிருந்து களத்தைப் பார்க்கும் மாடத்தில் உட்கார்ந்து, நம் நான்கு கணிப்புக்கும் நேராகச் சரி, தவறு என்று கோடு போட்டுக்கொண்டே வரட்டும். முதல் கால்பகுதியில் ஒரு கணிப்பு மூன்று முறை பொய்த்தால் கோச்சிடம் உடனே சொல்லவேண்டும். அவர்கள் அதைக் கண்டுபிடித்து மாற்றியிருக்கலாம். நம் உழைப்பின்மேல் உள்ள பற்றினால் "அடுத்த முறை சரியாகும்" என்று காத்திருப்பது அணிக்குச் செய்யும் துரோகம்.

சனிக்கிழமை காலை புது எதிரணியின் ஃபில்மைத் திறக்கும் முன், நேற்று ஆடிய நம் சொந்த ஆட்டத்தை அதே பத்திகளில், அதே கண்டிப்போடு குறித்துவிடுங்கள். அடுத்த ஊரில் என்னைப்போல் ஒருவர் இந்நேரம் அதைத்தான் செய்துகொண்டிருப்பார். மூன்று ஆட்டம் சேர்ந்ததும் நம் அஃபென்ஸை எதிரணியாக நினைத்து எண்ணுங்கள். போன சீசனில் எங்களிடம் இப்படி ஒன்று அகப்பட்டது: டைட் எண்ட் இடப்பக்கம் நின்ற பதினான்கு ப்ளேயில் பதின்மூன்று ஓட்டம். கோச் திட்டமிட்டதல்ல, பழக்கமாகிப் போயிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, முதல் முறை அவர் இடப்பக்கம் போய் நின்றதும், எதிரணி லைன்பேக்கர்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில் முன்னால் ஓரடி எடுத்து வைத்தார்கள். பந்து அவர்கள் தலைக்கு மேலே போயிற்று.